ஆழ உழாத உழவு

உழவு என்னும் சொல்லைக் கேட்டவுடன் தமிழ் வாசகர் ஒருவரின் மனக்கண்முன் தோன்றுவது பிளவுண்ட மண்ணே ஆகும். கொழு மண்ணுள் இறங்குதலும், அடிமண் மேல்வருதலும், ஈரமண்ணின் மணம் எழுதலும் அச்சொல்லோடு பிரிக்கமுடியாதவாறு பிணைந்து கிடக்கின்றன. அகல உழுவதினும் ஆழ உழுவதே சிறந்தது என்பது கமக்காரரிடையே தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் முதுமொழி. ஆனால் ஆங்கிலம் வழங்கும் குளிர்நாடுகளில் அதே சொல்லால் வேறொரு தொழிலும் குறிக்கப்படுகின்றது. பாதையில் விழுந்து கிடக்கும் பனியை இரும்புத் தகட்டினால் தள்ளி அகற்றுதலையும் அங்குள்ளோர் உழவு என்றே கூறுவர். அவ்வுழவில் ஆழம் குற்றமாகும். அதிலும் பாதை சரளைக்கல்லால் ஆனதாயின், தகடு நிலத்தைத் தொட்ட கணமே உழுதவன் தோற்றவனாகின்றான்.

இந்த இரண்டு உழவுகளுக்கும் இடையே அகப்பட்டுக்கொண்ட ஒருவருடைய அனுபவம் இங்கு எடுத்துரைக்கப்படுகின்றது. வலிகாமத்துச் செம்மண்ணிலே பிறந்து, வெங்காயமும் புகையிலையும் பயிரிட்டு, லான்ட்மாஸ்டர் உழவு யந்திரத்தின் பின்னே நடந்து இளமையைக் கழித்தவர் அவர். 1989இல் கனடா சென்றார். மூன்று ஆண்டுகளின் பின் மனைவியும் பிள்ளைகளும் சென்று சேர்ந்தனர். ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில், தொழிற்சாலையொன்றில் இரவுமுறை வேலை செய்து கால் நூற்றாண்டு காலம் குடும்பத்தைத் தாங்கினார். பிள்ளைகள் படித்துத் தத்தம் வழியே சென்றபின், 2016இல், ரொறன்ரோவின் வடமேற்குப் புறமாகவுள்ள கிரே மாவட்டத்தில், இரண்டு ஏக்கர் நிலத்தோடு கூடிய பழைய வீடொன்றை வாங்கிக் குடியேறினார். மண்ணைக் கையால் தொடவேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் எதனையும் அவர் எவரிடமும் சொன்னதில்லை.

வீட்டிலிருந்து ஊராட்சிப் பெருவீதிவரை 80 மீற்றர் நீளமும் 3 மீற்றர் அகலமுமான சரளைக்கல் ஒழுங்கையொன்று செல்கின்றது. இலங்கையிலே கிரவல் எனப்படும் செம்பாறைத் துகள் அன்று அது. உடைத்த சுண்ணாம்புக் கல்லும், மணலும், மாவைப் போன்ற கற்பொடியும் கலந்த கலவை. அத்தகைய பாதையின் அடிப்படைத் தத்துவத்தை உலகிற்கு உணர்த்தியவர்களுள் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜோன் லவுடன் மக்கடம் முதன்மையானவர். 1816இல் பிரிஸ்ரல் நகரத்துச் சுங்கவீதிகளின் பொறுப்பினை ஏற்ற அவர், சிறிதாக உடைக்கப்பட்ட கற்கள் தம் கூரிய விளிம்புகளாலேயே ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் என்பதையும், வண்டிச் சில்லுகளின் பாரமே அவற்றை மேலும் இறுக்கும் என்பதையும் செயலிற் காட்டினார். சரளைப் பாதை என்பது தனித்தனிக் கற்களின் குவியலன்று. ஒன்றையொன்று பற்றியிருக்கும் ஓர் உறவு எனலாம். ஒரு கல்லைக் கிளப்பினால் அருகிலுள்ள நான்கு கற்களின் பிடியும் தளரும். கமக்காரர் இதனைப் பின்னரே அறிந்துகொண்டார். அவர் அறிந்திருந்த மண் கிளறக் கிளறப் பயன் தருவது. இந்த மண் கிளறினால் அழிவது.

கிரே மாவட்டத்துப் பனியைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். மேற்கே ஹியூரன் ஏரியும் வடக்கே ஜோர்ஜியன் விரிகுடாவும் கடலென விரிந்து கிடக்கின்றன. மாரிகாலத் தொடக்கத்திலே, நிலம் குளிர்ந்துவிட்ட பின்னரும் ஏரி நீர் தன் வெம்மையை இழப்பதில்லை. வடமேற்கிலிருந்து வரும் உலர்ந்த குளிர்காற்று அந்நீரின் மேலாகச் செல்லும்போது ஈரத்தையும் வெப்பத்தையும் அள்ளிக்கொண்டு, கரையை அடைந்ததும் மேலெழுந்து, அந்த ஈரத்தைப் பனியாக உதிர்க்கின்றது. இதனால் அப்பகுதியில் ஆண்டொன்றுக்கு 3 மீற்றருக்கும் மேலான பனி வீழ்வது இயல்பு. 10 கிலோமீற்றருக்கு அப்பால் வெயில் எறிக்க, இங்கே கைக்கெட்டும் தூரத்திலுள்ள மரமும் தெரியாதவாறு பனி கொட்டுவதுமுண்டு. தமிழிலே பனி என்றால் புல்நுனியில் தங்கும் மார்கழித் துளியும் அதுவே. யந்திரங்களை மறிக்கும் இந்த வெண்மலையும் அதுவே. சொல் ஒன்றாயினும் பொருள்களுக்கிடையே உள்ள தூரம் பெரிது.

கணக்கொன்றைப் பார்த்தால் நிலைமை புலனாகும். ஒழுங்கையின் பரப்பு 240 சதுர மீற்றர். ஓரிரவில் 25 சென்ரிமீற்றர் பனி விழுந்தால் அகற்றவேண்டியது 60 கன மீற்றர். புதிதாக விழுந்த பனி கன மீற்றருக்கு ஏறக்குறைய 100 கிலோகிராம் எனக் கொண்டால் 6 தொன் ஆகின்றது. அதை அகற்றும் அவசரத்தில் சரளைப் படையின் மேற்புறம் ஒரேயொரு சென்ரிமீற்றர் சுரண்டப்படுமாயின், 2.4 கன மீற்றர் கல், அதாவது 4 தொன்னுக்குச் சற்றுக் குறைவான கல், பனியோடு சேர்ந்து புற்றரைக்குப் போய்விடும். பனி உருகி மறையும், கல் மறையாது. கற்பொடி மழையோடு கழுவுண்டு போனபின் எஞ்சிய கற்களும் பிடிப்பற்று உருளத் தொடங்கும்.

குடியேறிய மறுவருடம் துணைவியாரின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. நீண்டகால நீரிழிவின் விளைவு அது. வாரத்தில் மூன்று நாட்கள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம், 30 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பட்டணத்து மருத்துவமனையில் இரத்தச் சுத்திகரிப்புச் செய்யவேண்டியதாயிற்று. செவ்வாய், வியாழன், சனி என்பன அந்த வீட்டில் கிழமைப் பெயர்களாக இல்லாமல் வேறு பொருள் கொண்டன. ஒரு முறை தவறினால் உடலிலே நீர் தேங்கும். பொற்றாசியம் இரத்தத்தில் ஏறும். ஏறினால் இதயம் தன் ஒழுங்கை இழக்கும். எனவே அந்த 80 மீற்றர் ஒழுங்கை வீட்டிற்கு அழகு சேர்க்கும் பாதையாக இருந்த காலம் போய், உயிர் சென்று மீளும் வழியாக மாறிற்று.

அந்த மாரியில் அவர் பழைய உழவு யந்திரமொன்றை வாங்கி, அதன் முன்னால் இரும்புத் தகடு பொருத்திக் கொண்டார். யந்திரத்தின் மேல் ஏறி அமர்ந்ததும் இளமை திரும்பியது போன்ற உணர்வு அவருக்கு ஏற்பட்டிருத்தல் வேண்டும். நெம்புகோலை முன்னே தள்ளினால் தகடு இறங்கி நிலத்தை அழுத்தும். அழுத்தினார். அழுத்தி உழுதே பழகிய கை அது. கொழு மேலோடினால் தகப்பனாரிடம் ஏச்சு வாங்கிய கை. நவம்பர் மாதத்து முதற்பனி விழுந்தபோது நிலம் இன்னும் உறையவில்லை. தகடு பனியை மாத்திரமன்றி, அதன் கீழ் இளகிக்கிடந்த சரளையையும் சுருட்டிக்கொண்டு சென்றது. வெள்ளையாக இருக்கவேண்டிய பனிக்குவியல் சாம்பல் நிறமாக இருந்ததைக் கண்டும், நிலம் தெரியுமளவு துப்புரவாகத் தள்ளிவிட்டோம் என அவர் மகிழ்ந்தார். ஒவ்வொரு பனிக்கும் அவ்வாறே நடந்தது.

பங்குனி மாதம் வந்தது. குளிர்நாடுகளில் நிலம் மேலிருந்து கீழாக இளகும். மேற்புறத்து ஒரு சாண் இளகிச் சேறாகியிருக்க, அதன் கீழே மண் இன்னும் கல்லாக உறைந்திருக்கும். மேலுள்ள நீர் கீழிறங்க வழியின்றித் தேங்கும். இந்தப் பருவத்தில் கிராமத்து வீதிகளிலே பாரவண்டிகளின் சுமையைக் குறைக்கச் சட்டமே வைத்திருக்கின்றார்கள். நல்ல சரளைப் படை உள்ள பாதை இதனைத் தாங்கும். சரளையை இழந்த பாதை தாங்காது. ஒரு வியாழக்கிழமை காலை, வீட்டிலிருந்து 20 மீற்றர் தூரத்தில் அவர்களுடைய வாகனத்தின் சில்லுகள் அச்சுவரை புதைந்தன. சாக்கு, பலகை, அடுப்புச் சாம்பல் யாவும் போட்டும் வாகனம் அசையவில்லை. உதவி வந்து சேர்ந்தபோது மருத்துவமனையில் அவர்களுக்குரிய நேரம் கடந்துவிட்டது. மறுநாளே இடம் கிடைத்தது. அந்த இடைப்பட்ட இரவில் துணைவியார் படுக்கமுடியாது மூச்சு வாங்கியபடி கதிரையிலேயே இருந்தார். அவர் எதிரே இருந்தார். இருவரும் பேசவில்லை.

பிள்ளைகள் ரொறன்ரோவிலிருந்து வந்தனர். வீட்டை விற்றுவிட்டு நகரத்துத் தொடர்மாடிக்கு வந்துவிடும்படி வற்புறுத்தினர். அங்கே மருத்துவமனை அருகில் உண்டு, பனியை அகற்ற ஆளுண்டு, தமிழ்க் கடையுண்டு, கோயிலுண்டு. அவர்களுடைய வாதத்தில் பிழை எதுவும் இருக்கவில்லை. தகப்பனாருக்கு மறுமொழி கூற இயலவில்லை. தாயாரே பேசினார். இன்னும் ஒரு மாரி பார்ப்போம் என்றார். பிறந்த ஊரையும், வாழப்போன நகரத்தையும் விட்டுவந்த ஒருவரை மூன்றாவது தடவையும் பெயர்த்தெடுக்க அவர் விரும்பவில்லை என்பது பிள்ளைகளுக்குப் பின்னரே விளங்கிற்று.

பிள்ளைகள் சென்றபின், புற்றரையில் சிதறிக்கிடந்த கற்களைக் கமக்காரர் வாரிக் கூட்டத் தொடங்கினார். புல்வெட்டும் யந்திரம் ஓடினால் அக்கற்கள் குண்டுகளாகப் பறக்கும். ஆகவே கோடைக்கு முன் அவற்றை அகற்றியேயாக வேண்டும். நாற்பதுக்கு மேற்பட்ட தள்ளுவண்டில் கற்களை அவர் ஒழுங்கைக்குத் திருப்பிக் கொண்டு சென்றார். யன்னலோரம் கதிரையில் இருந்து அதனைப் பார்த்துக்கொண்டிருந்த துணைவியார் ஒரு நாள் கூறினார்:

“இஞ்சேருங்கோ, நீங்கள் தோட்டம் உழுற மாதிரியெல்லோ பனியைத் தள்ளினனீங்கள். முத்தம் கூட்டுற மாதிரித் தள்ளவேணும்.”

“உதென்ன கதை? விளக்குமாத்தாலை கூட்டுற பாரமே அது?”

“பாரத்தை நான் சொல்லேல்லை. கூட்டேக்கை குப்பைதான் வரவேணும், மணல் கிடக்கவேணும். குப்பையோடை மணலும் வந்தால் கூட்டத் தெரியாதெண்டுதான் அர்த்தம். அதுக்கு அம்மாட்டை நான் எத்தினை குட்டு வாங்கியிருப்பன்.”

அவர் தென்மராட்சியைச் சேர்ந்தவர். கொடிகாமத்துப் பக்கத்து மணற்பாங்கான காணியில், தென்னைகளின் கீழே வளர்ந்தவர். அங்கே வீட்டு முற்றத்தைக் கூட்டுதல் என்பது விடியலின் முதற் கடமை. ஈர்க்கு விளக்குமாற்றைச் சாய்த்துப் பிடித்து, நுனி மாத்திரம் மணலைத் தடவிச் செல்லுமாறு, பின்னோக்கி நடந்து கூட்டுவர். இலையும் சருகும் குவியலாகச் சேரும். மணல் இருந்த இடத்திலேயே இருக்கும். விசிறி விரித்தாற்போன்ற கோலமொன்று முற்றமெங்கும் எஞ்சும். விளக்குமாற்றை நிமிர்த்தி அழுத்திக் கூட்டுபவளின் முற்றம் சில ஆண்டுகளில் குழியாகும். மாரியில் வெள்ளம் நிற்கும். மரவேர் வெளியே தெரியும். தைப்பொங்கலுக்கு முன் ஒரு வண்டில் மணல் பறித்துப் பரப்புவது வழக்கமாயினும், அந்த ஒரு வண்டில் ஓராண்டுக்குப் போதவேண்டும். வறண்ட நாட்களில் முதலில் நீர் தெளித்து, மணல் இறுகியபின்னரே கூட்டத் தொடங்குவர். இவை யாவற்றையும் அந்த அம்மையார் பத்து வயதுக்கு முன்னரே கற்றிருந்தார். அதனை ஓர் அறிவு என எவரும் அவருக்குச் சொன்னதில்லை. அவரும் அவ்வாறு எண்ணியதில்லை.

அந்தக் கோடையில் அயலவரான முதிய கனேடியக் கமக்காரர் ஒருவரிடம் கமக்காரர் சென்றார். மூன்று தலைமுறையாக அவ்விடத்திலேயே மாடு வளர்ப்பவர் அவர். பங்குனி மாதத்தில் சேற்றிலிருந்து வாகனத்தை இழுத்தெடுத்தவரும் அவரே. அவர் கூறியவற்றைக் கேட்கக் கேட்கக் கமக்காரருக்கு மனைவியின் சொற்களே வேறு மொழியில் மீண்டும் ஒலிப்பதாகத் தோன்றிற்று.

முதற்பனியைத் தள்ளக்கூடாது, மிதிக்கவேண்டும் என்றார் அயலவர். பனியினுள்ளே காற்று நிறைந்திருப்பதால் அது நிலத்திற்குப் போர்வையாகின்றது. தடித்த பனியின் கீழே மண் எளிதில் உறைவதில்லை. வாகனத்தை ஒழுங்கை முழுவதும் மேலும் கீழுமாக ஓட்டிப் பனியை நெரித்தால் காற்று வெளியேறும், குளிர் கீழிறங்கும், நெரிந்த பனியும் அதன் கீழுள்ள சரளையும் ஒன்றாக உறைந்து கட்டியாகும். அந்த உறைந்த படையே மாரி முழுவதும் கல்லைக் காக்கும் மேற்றோல். மணலில் நீர் தெளித்தபின் கூட்டுவதன் தத்துவம் இதுவன்றி வேறன்று. 19ஆம் நூற்றாண்டில் கனடாவிலும் நியூ இங்கிலாந்திலும் மாரிகாலத்து வீதிகளிலே பனியை அகற்றும் வழக்கமே பெரிதும் இருக்கவில்லை. குதிரைகள் இழுக்கும் பெரிய மர உருளைகளால் பனியை அமுக்கி, அதன்மேல் சறுக்கு வண்டிகளை ஓட்டினர். மோட்டார் வாகனங்கள் பெருகிய பின்னரே பனியை முற்றாக அகற்றவேண்டும் என்ற வேட்கை எழுந்தது. கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிக்கார்ட் 1925இல் பனியை அள்ளி வீசும் யந்திரத்தை ஆக்கி, 1927இல் மொன்றியலை அடுத்த ஊற்ரமோன் நகருக்கு விற்றமை அவ்வேட்கையின் அடையாளமே.

அடுத்ததாகத் தகட்டைப் பற்றி அயலவர் கூறினார். தகட்டின் இரு முனைகளிலும் சப்பாத்து என அவ்வூரார் அழைக்கும் இரும்புப் பாதங்கள் உண்டு. அவற்றைக் கீழிறக்கிப் பூட்டினால் தகட்டின் கூர்முனை நிலத்திலிருந்து அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம்வரை உயர்ந்து நிற்கும். கமக்காரர் அவற்றைப் பயனற்றவை என முதல் மாரியிலேயே கழற்றி வைத்திருந்தார். மேலும், இரும்புக் குழாயொன்றை நீளவாட்டில் ஒருபுறம் பிளந்து தகட்டின் கூர்முனையில் செருகிவிட்டால், கூர் உருண்டையாகிவிடும். உருண்டை கல்லை வெட்டாது, அதன்மேல் வழுக்கிச் செல்லும். நெம்புகோலை முன்னே தள்ளும்போது அழுத்தும் நிலைக்கும் அப்பால் மிதப்பு நிலையென ஒன்றுண்டு. அந்நிலையில் யந்திரம் தகட்டை அழுத்துவதில்லை. நிலத்தின் மேடு பள்ளத்துக்கேற்பத் தகடு தானே ஏறி இறங்கும். வாசலோரம் போன்ற இடங்களில் தகட்டை முன்னே தள்ளாது, பனிக்கு அப்பால் இறக்கிப் பின்னோக்கி இழுத்துவரவேண்டும். பின்னோக்கி நடந்து கூட்டும் பெண்களின் நினைவு கமக்காரருக்கு அவ்விடத்தில் வந்தது.

பனி வீசும் யந்திரம் வாங்கினால் என்ன எனக் கேட்டபோது அயலவர் தம் களஞ்சியத்தின் உடைந்த கண்ணாடி யன்னலைக் காட்டினார். அந்த யந்திரத்தின் சுழலும் பற்கள் சரளையை எடுத்தால் அதனையும் பனியோடு சேர்த்து வெகுதூரம் வீசிவிடும். கல் இடையில் சிக்கினால் யந்திரம் சிதையாதிருக்க, தான் முறிவதற்கென்றே ஓர் ஆணி அதில் வைக்கப்பட்டிருக்கும். ஆணி முறிவது மலிவு, கை முறிவது மலிவன்று. யந்திரம் நின்றபின்னும் உள்ளே கை வைக்காதே எனவும் அவர் எச்சரித்தார். உப்பைப் பற்றியும் கேட்டார் கமக்காரர். தார் வீதிக்குப் பொருந்தும் உப்பு சரளைக்குப் பகை. அது உறைந்த படையை இளக்கிச் சேறாக்கிவிடும். வழுக்கினால் மணலைத் தூவுவதே முறை.

இவ்வாறு அந்த இலையுதிர் காலம் ஆயத்தத்தில் கழிந்தது. நிலம் உறையுமுன் ஒழுங்கையின் இருமருங்கும் நிறமூட்டிய தடிகள் நடப்பட்டன. பனி மூடியபின் பாதை எது, புல் எது எனப் பிரித்தறிய அவையே வழி. குழாய் பிளக்கப்பட்டது. சப்பாத்துகள் மீண்டும் பூட்டப்பட்டன. முதற்பனி விழுந்தபோது கமக்காரர் தகட்டை இறக்கவில்லை. வாகனத்தை ஓட்டி ஓட்டி மிதித்தார். துணைவியார் யன்னலோரம் இருந்து பார்த்தார். தள்ளப்படாது கிடந்த பனியைக் காண்பது அவருடைய கைக்குப் பெரும் வேதனையாக இருந்திருக்கும். தொழில் தெரிந்தவனுக்குச் செயலிலும் கடினமானது சும்மா இருத்தலே.

சனவரி மாதத்தின் ஒரு திங்கட்கிழமை இரவு ஏரிக்காற்றோடு பனி கொட்டத் தொடங்கிற்று. மறுநாள் செவ்வாய். காலை ஏழு மணிக்குச் சிகிச்சை. முழுவதும் விழுந்து முடியட்டும் எனக் காத்திராது, ஒரு சாண் பனி சேருந்தோறும் தள்ளுமாறு அயலவர் கூறியிருந்தார். பத்து மணிக்கு ஒருமுறையும், ஒரு மணிக்கு ஒருமுறையும், நான்கு மணிக்கு ஒருமுறையுமாக அவர் யந்திரத்தில் ஏறினார். விளக்கொளியில் பனித்துகள்கள் நேரே முகத்தை நோக்கி வந்தன. தடிகள் இரண்டு மாத்திரமே ஒரு நேரத்தில் தெரிந்தன. தகடு தரைக்கு ஓரங்குலம் மேலே வழுக்கிச் சென்றது. பின்னால் திரும்பிப் பார்த்தபோது ஒரு விரற்கடை வெண்பனி பாதையில் எஞ்சியிருந்தது. முந்திய ஆண்டாயின் அதனை அரைகுறை வேலை எனக் கருதி மீண்டும் உழுதிருப்பார். இம்முறை விட்டுவிட்டார். பக்கக் குவியல்களை இயன்ற அளவு தூரத்திற்குத் தள்ளினார். அவை உறைந்தபின் அசையா. அண்மையில் விட்டால் மாசி மாதத்தில் ஒழுங்கை ஒடுங்கிவிடும். ஐந்து மணியளவில் ஊராட்சியின் பெரிய யந்திரம் பெருவீதியால் சென்றது. சென்றபோது ஒழுங்கை வாயிலில் இடுப்பளவு கட்டிப்பனியை ஒதுக்கிவிட்டுப் போயிற்று. அதனை வீதிக்குக் குறுக்கே தள்ளுதல் சட்டப்படி குற்றம். ஆகவே கமக்காரர் அதனைச் சிறிது சிறிதாக உள்ளிழுத்துப் பக்கத்தில் ஒதுக்கினார்.

ஐந்தரை மணிக்குத் துணைவியாரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து வாகனத்தில் இருத்தினார். ஒழுங்கையின் அடியில் நெரிந்து உறைந்திருந்த படை சில்லுகளைத் தாங்கிற்று. பெருவீதியில் ஊராட்சி யந்திரத்தின் தடத்தைப் பின்பற்றி ஊர்ந்து சென்றனர். ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க மருத்துவமனையை அடைந்தனர். பாதி வழியில், பக்கத்துக் குவியல்களை வாகன விளக்கில் கண்டது நினைவுக்கு வந்தவராகத் துணைவியார் கூறியது ஒன்றே: “இண்டைக்கு மண் கிளம்பேல்லை.” அவருக்கு அது போதுமாயிருந்தது.

இச்சம்பவம் உணர்த்துவது யாது? அறிவு என்பதை எங்கு தேடுவது என்ற கேள்வி இதனுள் அடங்கியிருக்கின்றது. கலப்பை பிடித்தவனின் திறமைக்குப் பாட்டும் பழமொழியும் உண்டு. அவனை உலகிற்கு அச்சாணியெனப் போற்றும் மரபுமுண்டு. விளக்குமாறு பிடித்தவளின் திறமைக்கு அவை இல்லை. ஒரே காணிக்குள், ஒருவர் மண்ணைப் பிளக்கும் கலையில் தேர்ந்தார். மற்றவர் மண்ணைக் கலைக்காதிருக்கும் கலையில் தேர்ந்தார். முன்னது தொழில் எனப்பட்டது. பின்னது வீட்டுவேலை எனப்பட்டது. உழைப்பின் பயன் கண்ணுக்குத் தெரியும்போது மாத்திரம் அதனை உழைப்பாக மதிக்கும் சமூகம், கெடாமல் வைத்திருத்தலாகிய உழைப்பைக் காண்பதில்லை. முற்றம் குழியாகாதிருந்தமைக்கு எவரும் நன்றி கூறுவதில்லை. குழியானபின் ஏசுவதற்கு மாத்திரம் ஆளுண்டு. கடல் கடந்து, வேறொரு காலநிலையில், உயிர் போகும் தறுவாயில் நின்றபோதே அந்த வீட்டுவேலையின் பெறுமதி கமக்காரருக்கு வெளிப்பட்டது. அவரைக் குறைகூறுவதற்காக இது கூறப்படவில்லை. பலருக்கு அது வெளிப்படுவதேயில்லை.

ஆழ உழும் அறிவும் பொய்யாகிவிடவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. கோடையில் வீட்டின் பின்புறத்தே அவர் மிளகாயும் கத்தரியும் வெங்காயமும் பயிரிடுகின்றார்; அங்கே அவருடைய கொழு ஆழமாகவே இறங்குகின்றது. எந்த மண்ணில் அழுத்துவது, எந்த மண்ணில் தடவிச் செல்வது எனப் பகுத்தறிதலே அவர் முதிய வயதில் கற்ற பாடம். வாரத்தில் மூன்று நாட்கள் துணைவியாரின் குருதியைக் கடத்தும் அந்த மருத்துவ யந்திரமும் ஏறக்குறைய அதே கொள்கையிலேதான் இயங்குகின்றது. நஞ்சினைப் போகவிட்டு, குருதிக் கலங்களைத் தங்கவைக்கும் மெல்லிய சவ்வொன்றின் மேலேயே அவருடைய வாழ்வு நிற்கின்றது.

வீட்டை விற்பதா என்ற கேள்வி முடிந்துவிடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் புரட்டாதி மாதத்தில் பிள்ளைகள் அதனை மீண்டும் எழுப்புவர். இன்னும் ஒரு மாரி என்று தாயார் கூறுவார். அயலவருக்கு எண்பது வயது கடந்துவிட்டதால், அவருடைய ஒழுங்கையையும் இப்பொழுது கமக்காரரே தள்ளுகின்றார். அதுவும் சரளைப் பாதையே.

பனி உருகியதும் அவர் வாரியை எடுத்துக்கொண்டு புற்றரைக்குச் செல்வது வழக்கம். முதலாண்டு நாற்பது தள்ளுவண்டிலுக்கு மேல் கற்கள் சேர்ந்த இடம் அது. கடந்த இளவேனிலில் ஓர் அரைவாளி சேர்ந்தது. அதனைக் கொண்டுபோய் ஒழுங்கையின் நடுவே கொட்டிக் காலால் பரப்பினார். பின் வெறும் வாளியை யன்னல் பக்கமாக உயர்த்திக் காட்டினார். உள்ளேயிருந்து ஒரு கை அசைந்தது.